விலை குறைந்த இரண்டு வருடங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து என் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பாள். இதைச் சொன்னால் பலர் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். கதை இல்லை. அது அவளுடைய வேலை. நாங்களே சம்மதித்துக் கையெழுத்து வைத்த வேலை.

அவள் அப்படி நேராகக் கேட்கமாட்டாள். சுகமாக இருக்கிறீர்களா, அங்கே குளிரா, உங்கள் கணவரோடு ஒரு வார்த்தை பேசலாமா என்று இங்கிலீசில் மெதுவாகத் தொடங்குவாள். நான் தொலைபேசியைக் கொண்டுபோய் சன்னலோரக் கதிரையில் இருப்பவரிடம் கொடுப்பேன். அவர் குரலைக் கேட்டதும் அவளுடைய வேலை முடிந்தது. ஆனால் அவர் விடமாட்டார். மலையில் இன்று பனி எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதில் தொடங்கி, வேலியில் எத்தனை வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகள் வந்து குந்தியிருக்கின்றன என்பது வரை சொல்லி முடித்த பிறகுதான் வைப்பார்.

அந்த வீடு மெல்பேர்னில், டண்டெனோங் மலையின் அடியில், த பேசின் என்ற ஊரில் இருந்தது. பலகை வீடு. வாடகைக்கு எடுத்தது. அங்கே நாங்கள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய ஆயுள் காப்புறுதி. அதை நாங்கள் விற்றுவிட்டோம்.

சிட்னிக்கு வந்து, டூங்கபியில் முதல் வீட்டை வாங்கிய காலத்தில் எடுத்த காப்புறுதி அது. அவரோடு ஊரில் படித்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, எங்கள் குசினியில் இருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரம் காயமுன்பே பத்திரங்களை மேசையில் விரித்தார். உயிர் அவருடையது, பத்திரம் என் பெயரில். அவர் இறந்தால் காசு எனக்கு வரும். அதற்குரிய தவணையை அவர் ரயில் நிலையத்தில் நின்ற நிலையில் உழைத்த சம்பளத்திலிருந்து மாதம் தவறாமல் கட்டினார். நான் அப்போது ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டு அடுக்கும் வேலையில் இருந்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். பல வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி வெயிலில் என்னை ஸ்டேஷனிலிருந்து கூட்டிப்போக வருவதாகச் சொன்ன மனிதர் மறந்துபோய் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் குசினிக்குள் போய், அரிசி கழுவக் குழாயைத் திறந்தேன். பானை நிரம்புகிற நேரத்துக்குள் எனக்குள் ஒரு எண்ணம் வந்து போனது. இந்த மனிதர் இல்லாமல் போனால் இந்த வீட்டுக் கடனாவது ஒரே நாளில் முடியும் என்ற எண்ணம். பானை நிரம்பியது, குழாயை மூடினேன், எண்ணமும் போய்விட்டது. ஆனால் அது வந்ததை நான் மறக்கவில்லை. அதன்பின் காப்புறுதிக் கம்பனியிலிருந்து வருடாந்தக் கடிதம் வரும்போதெல்லாம் பிரிக்காமல் மேசை லாச்சிக்குள் கவிழ்த்துப் போட்டு வந்தேன்.

அவருக்கு எழுபது நடக்கும்போது இருதயம் களைத்துவிட்டது. வைத்தியர் படத்தைக் காட்டி, இது இனி முன்போல் இறைக்காது என்று விளக்கினார். வீட்டுக்கு வந்த மறுநாள் இவர் அந்த லாச்சியைத் திறந்து, நான் பிரிக்காத கடிதங்களை ஒவ்வொன்றாக வெண்ணெய்க் கத்தியால் பிரித்து, வருட வாரியாக அடுக்கி வாசித்தார். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: "இஞ்சேரும், இதை வித்துப்போட்டு பேசினுக்குப் போவம்."

எனக்கு இரண்டும் விளங்கவில்லை. விற்பதும் விளங்கவில்லை, பேசினும் விளங்கவில்லை.

பேசின் என்றது எது என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. மகள் மெல்பேர்னில் குடியேறிய புதிதில் ஒருமுறை எங்களைக் காரில் பேசின் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். நாங்கள் கும்பிட்டு வெளியே வந்தபோது மலையே இல்லை. பனி அதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. மரங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று, இங்க ஒரு வருசம் இருந்து பாக்க வேணும் என்று சொன்னேனாம். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். பிறகு நாங்கள் சிட்னிக்குத் திரும்பி வேலைக்குப் போனோம். அவர் அதை இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார்.

விற்பது எப்படி என்றும் அவர்தான் விளக்கினார். காப்புறுதியைக் கம்பனிக்கே திருப்பிக் கொடுத்தால் கிடைப்பது கொஞ்சம். அதைவிடக் கூடக் கொடுத்து வாங்குவதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் லைஃப் செட்டில்மென்ட். அவர்கள் இப்போதே ஒரு தொகை தருவார்கள், இனிமேல் தவணையை அவர்கள் கட்டுவார்கள், அவர் இறந்த பிறகு முழுக் காசையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இந்த நாட்டில் அப்படி வாங்குவோர் குறைவு, கடல் கடந்துதான் தேட வேண்டும், ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு தமிழ்ப் பெண் அதற்கு உதவுகிறாள் என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தார்.

அப்படியென்றால் நீங்கள் எப்போது போவீர்கள் என்று யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் பார்த்துக்கொண்டு இருப்பானே என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "இவ்வளவு காலமும் நீர்தானே பாத்துக்கொண்டு இருந்தனீர்" என்றார்.

பகிடிக்குத்தான் சொன்னார். அவருக்கு அந்தக் குழாயடி எண்ணம் தெரியாது. நான் எழுந்துபோய் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்து நின்று, கதவுக்குச் சொன்னார்:

"நான் போனாப் பிறகு வாற காசில நீர் சிரிச்சா, அதை நான் எங்க நிண்டு பாக்கிறது?"

கதவைத் திறந்தேன்.

பத்திரம் என் பெயரில் இருந்ததால் நான் கையெழுத்து வைக்காமல் ஒன்றும் நடக்காது. அவருக்கோ காலம் குறைவு. என் பயம் பெரிதா, அவர் ஆசை பெரிதா என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் முடிவு செய்யவில்லை. அவர் பின்னால் நடந்தேன், அவ்வளவுதான்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் அந்த அலுவலகம் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. அவர் மூன்று இடத்தில் நின்று மூச்சு எடுத்துப் படியேறினார். அந்தப் பெண் தமிழ்நாட்டவள், ஐம்பது வயது இருக்கும், அவரை சார் என்றாள், என்னை அம்மா என்றாள். அவரை ஒருநாளும் கண்டிராத இரண்டு வைத்தியர்கள் அவருடைய ஆஸ்பத்திரி அறிக்கைகளை வாசித்து, இந்த ஆள் இன்னும் எவ்வளவு காலம் இருப்பார் என்று கணித்து எழுதியிருந்தார்கள். அதை வைத்துத்தான் விலை. அவள் அந்தத் தாளைத் திருப்பும்போது அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள். இவர் காட்டச் சொன்னார். மூன்று வருடம் என்று இருந்தது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தான் முப்பது வருடம் பிளாட்ஃபோமில் நின்ற ஆள் என்றும், போட்ட நேரத்துக்கு ரயில் வந்ததைத் தான் அதிகம் கண்டதில்லை என்றும் சொன்னார். அந்தப் பெண் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

அடுத்த கிழமை கையெழுத்துக்குப் போனோம். பேனை என் கையில். பெயர் சரி, விலாசம் சரி, காப்புறுதி இலக்கம் சரி. பிறந்த திகதிக்கு வந்ததும் என் கை நின்றது. அதற்கு முன் எத்தனை படிவத்தில் அதே திகதியை நானே நிரப்பியிருக்கிறேன். ஒருநாளும் நின்றதில்லை.

"இது இவற்ற பிறந்த திகதி இல்லை," என்றேன்.

உண்மைதான். அவருடைய தகப்பனார் தன் மகன் கெட்டிக்காரன் என்ற அவசரத்தில் இரண்டு வயதைக் கூட்டிச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் போர்க்கால இடம்பெயர்வில் தொலைந்தது. பிறகு பள்ளிக்கூடத் திகதியே அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இந்த நாட்டுக்கும் வந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு வயது உண்டு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று கந்தோர்ப் படிவத்துக்கு. யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. சரியான திகதி அவருடைய சாதகக் குறிப்பில் மட்டும் இருந்தது. எங்கள் கலியாணம் பேசியபோது பொருத்தம் பார்த்த குறிப்பு. மஞ்சள் துணியில் சுற்றி என் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

நேர்மையால் சொன்னேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. எப்படியாவது அந்தக் கையெழுத்து நிற்க வேண்டும் என்றிருந்தது எனக்கு. அதோடு, என் மனிதரை இரண்டு வயது கூட்டி, சாவுக்குக் கிட்டத்தில் நிறுத்தி விற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பெண் தன் பேனையை மூடி வைத்தாள். "எங்க அப்பாவுக்கும் ரெண்டு பிறந்தநாள்தாம்மா," என்றாள். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். ஆனா சொல்லிட்டீங்க. இனிமே நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது."

வேறு ஆதாரம் இல்லாததால் சாதகம் இங்கிலீசுக்குப் போனது. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் ராசி, நட்சத்திரம், இலக்கினம் எல்லாவற்றையும் சீராக மாற்றி, அடியில் முத்திரை குத்தித் தந்தார். ஆயுள் எவ்வளவு என்ற இடத்தில் சாதகம் கணித்த சாத்திரியார் வருடம் எழுதாமல் 'தீர்க்காயுள்' என்று ஒரு சொல்லோடு தப்பியிருந்தார். அதுவும் இங்கிலீசில் 'லோங் லைஃப்' என்று முத்திரையோடு கடல் கடந்தது.

ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து டூங்கபி வரை அன்று அவர் என்னோடு பேசவில்லை. பரமட்டாவில் ஒரு குடும்பம் ஏறி எங்களுக்கு எதிரே இருந்தது, அந்தப் பிள்ளைக்குக் கண்ணடித்தார், எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டிலும் இரண்டு நாள் அப்படித்தான். விலை போகாமல் விட்டால் பேசின் இல்லை என்று அவருக்குப் பயம். அவர் பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளில், அவர் போனபிறகு வீடு எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. சமைத்ததை நானே தனியாக இருந்து சாப்பிட்டேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. வாங்குவார்கள், ஆனால் ஆள் இரண்டு வயது இளையவர் என்பதால் விலை குறையும். ஸ்ட்ராத்ஃபீல்ட் பெண் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்த பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. நான் பயந்துபோனேன். சிரிக்கிறார்.

"ஆயுள் கூடினதால விலை குறைஞ்ச மனிசன் உலகத்தில நான் ஒராள்தான்," என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குறைந்த காசு என்னுடைய கணக்கு, அந்த இரண்டு வருடத்தை நான் அவர்களிடமிருந்து காசு கொடுத்து வாங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். விளையாட்டாகச் சொன்னதுதான். சொன்னபிறகு அது எனக்குள் உண்மையாகிவிட்டது. அடுத்த நாள் போய்க் கையெழுத்து வைத்தேன்.

கையெழுத்து வைத்துவிட்டு ஸ்ட்ராத்ஃபீல்ட் பிளாட்ஃபோமில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, அந்த ஜனவரி வெயிலையும் குழாயையும் பற்றி அவருக்குச் சொன்னேன். இனி அவர் சாவால் எனக்கு வருவது ஒன்றுமில்லை, அதனால் சொல்லலாம் போல் இருந்தது. அவர் கையில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த வருசம்?" என்றார்.

வருடத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அந்த வருசம் நானும் உம்மைப் பற்றி ஏதாவது நினைச்சிருப்பன்," என்றார். ரயில் வந்தது. ஐந்து நிமிடம் பிந்தி என்று மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னார்.

பேசினில் எங்கள் நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோய்க் கிடக்கின்றன. எது எந்த வருடம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. காலையில் எழும்பினால் சில நாள் மலை இருக்கும், சில நாள் இருக்காது. இல்லாத நாளில் பனி முற்றம் வரை வந்து நிற்கும். உயர்ந்த மரங்கள் முதலில் உச்சியை இழக்கும், பிறகு கிளைகளை, பிறகு தண்டை. கடைசியில் எங்கள் வேலி மட்டும் இருக்கும், அதற்கு அப்பால் ஒன்றும் இராது. குருவி கத்தும், எங்கிருந்து என்று தெரியாது. அந்த நேரத்தில் உலகத்தில் இந்தப் பலகை வீடும் கொதிக்கும் ஒரு கேத்தல் தண்ணீரும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் மிஞ்சியிருக்கிறோம் என்று தோன்றும். எனக்கு அது பயமாக இருந்ததே இல்லை. நான் சந்தோசமாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் வேறு எங்கும் இருக்கவில்லை.

அவர் தன் கதிரையைச் சன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தார். மலையைப் பார்ப்பதற்கு என்று நான் நினைத்தேன். ஆனால் கதிரை மலைப்பக்கம் திரும்பியிருக்கவில்லை, தபால்பெட்டிக்குப் போகும் ஒழுங்கைப்பக்கம் திரும்பியிருந்தது. ஒவ்வொரு காலையும் நான் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தபால்பெட்டிவரை நடப்பேன். கடிதம் இருக்கிறதோ இல்லையோ நடப்பேன். பனிக்குள் புகுந்து, பெட்டியைத் திறந்து மூடி, திரும்பிப் பார்த்துக் கை காட்டுவேன். அவர் சன்னலுக்குள்ளிருந்து கை காட்டுவார். காசு கொடுத்து வாங்கிய பண்டம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பவர் போல் கவனமாகப் பார்ப்பார்.

மகளுக்குத்தான், காப்புறுதியை வாங்கியவர்களிடமிருந்து வரும் இந்தச் செவ்வாய்க்கிழமை அழைப்புகள் பிடிக்கவில்லை. "அம்மா, இட்ஸ் மோர்பிட், சாவுக்குக் காவல் இருக்கிற மாதிரி," என்பாள். எனக்கும் முதல் அழைப்பில் தொலைபேசியை அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டாவதில் எரிச்சல் வந்தது. பிறகு எப்போதோ அது மாறிவிட்டது. சொந்தக்காரர்கள் பலர் வருடத்துக்கு ஒருதரம் அவரைப் பற்றி விசாரித்தால் பெரிய காரியம். இவள் தவறாமல் கேட்டாள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான்கு பேர் இருக்கும் ஒரு கந்தோரில் எங்கேயோ ஒரு தாளில் குறித்து வைத்தார்கள்.

மூன்று வருடம் முடிந்தது. அந்த வைத்தியர்கள் முதலில் போட்ட நேரம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு வந்த செவ்வாயில் அந்தப் பெண் அவருடைய குரலைக் கேட்டதும், கம்பனியில் சொல்லிவிடாதீர்கள், எனக்குச் சந்தோசம் என்றாளாம். அவர் அதை என்னிடம் நாலைந்து தரம் திருப்பிச் சொன்னார். சாதகத்தில் முத்திரை குத்தி அனுப்பியும் நம்பாமல் விட்டார்களே என்று அவர்களுக்காகக் கவலைப்பட்டார்.

நான் எண்ணத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இனி வருவது என்னுடைய இரண்டு வருடம். அவர் மருந்து குடிக்க மறுத்து என்னோடு சண்டை பிடித்த நாட்களும் அதற்குள் அடக்கம். குளிரில் கால் வீங்கி அவரை ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்ததும் அடக்கம். வீட்டுக்கு வந்து, மெலிந்த கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, பனி இண்டைக்கு வேலிக்குள்ள வந்திட்டுது என்று சொன்ன காலையும் அடக்கம். ஒன்றையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு வருடம் முடிந்து, மேலதிகமாக ஒரு மாதமும் போயிருந்தது. இலையுதிர் காலம். அன்று பனி கண்ணாடிவரை வந்திருந்தது. நான் தபால்பெட்டியைத் திறந்து மூடி, திரும்பிக் கை காட்டினேன். அவர் காட்டவில்லை. கண்ணாடியில் ஆவி பிடித்திருக்கிறது, அவருக்கு என்னைத் தெரியவில்லை என்று நினைத்தேன். பனி விலகட்டும் என்று கையைத் தூக்கியபடியே நின்றேன். பனி விலகியது. அவர் ஒழுங்கையைப் பார்த்தபடிதான் இருந்தார். நான் கையை இறக்காமல் அப்படியே வீட்டை நோக்கி நடந்தேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து மகள் தன் வீட்டுக்குப் போன கிழமையில் செவ்வாய் வந்தது. தொலைபேசி அடித்தது. சுகமா, அங்கே குளிரா என்று அவள் வழக்கம்போலத் தொடங்கினாள். நான் இங்கிலீசில் ஒரே ஒரு வசனத்தைத்தான் அவளுக்குச் சொல்லிப் பழகியிருந்தேன், ஓம், இருக்கிறார், கொடுக்கிறேன் என்று. மற்ற வசனத்தைச் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. அவள், கொக்கட்டூக்கள் இன்னும் வருகின்றனவா என்று கேட்டாள். வருகின்றன என்றேன். மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்று மிகவும் தயங்கிச் சொன்னாள். அனுப்பினேன். அதில் பள்ளிக்கூடத் திகதிதான் இருந்தது. திருத்த மனம் வரவில்லை, அந்த இரண்டு வருடத்துக்கு இனி யாரும் விலை பேசப் போவதில்லை.

அதற்கடுத்த செவ்வாய்களில் தொலைபேசி அடிக்கவில்லை. அவர் இருக்கிறாரா என்று கேட்க இனி உலகத்தில் ஒருவருக்கும் காரணம் இல்லை.

கடைசியாக ஸ்ட்ராத்ஃபீல்ட் பெண் தொலைபேசி எடுத்தாள். எங்கள் ஃபைலை மூடிவிட்டார்களாம். "உங்களுக்கு வர வேண்டியது எதுவும் இல்லைம்மா," என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள்.

"ஓம் பிள்ளை, தெரியும்," என்றேன்.

அவள் அதைக் குறையாக நினைத்திருப்பாள். அவர் போனதால் எனக்கு ஒரு சதமும் வரவில்லை. அதற்காகத்தான் நான் அன்று கையெழுத்து வைத்தேன்.